ஹாஸ்டலா, ஷேரிங் வீடா, ஹோஸ்ட் ஃபேமிலியா? எக்ஸ்சேஞ்ச் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

எக்ஸ்சேஞ்ச் என்பது ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பும் ஏற்பாடு. அதில் இடம் உறுதியானதும், போகப்போகும் பல்கலைக்கழகத்திலிருந்து படிவங்கள் வரத் தொடங்கும். ஒன்றில் என்ன பாடம் எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்பார்கள், இன்னொன்றில் எங்கே தங்கப்போகிறீர்கள் என்று. பாடப் பட்டியலை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மண்டையைக் குடைபவர்கள்கூட, தங்குமிடத்தை வாடகையை மட்டும் பார்த்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர். பிடிக்காத பாடத்தை செமஸ்டர் தொடங்கிய பிறகும் மாற்றிக்கொள்ளலாம். எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அதற்கென்றே வழிமுறை இருக்கிறது. தங்குமிடத்தை மாற்றுவது அவ்வளவு லேசு இல்லை. யாரோடு பழகுவீர்கள், நாளுக்கு எத்தனை மணி நேரம் எந்த மொழி காதில் விழும், காய்ச்சல் வந்தால் யார் கதவைத் தட்டுவீர்கள் என்பதில் பாதி அந்த ஒரு டிக்கில் முடிவாகிவிடும்.

பொதுவாக மூன்று வழி. பல்கலைக்கழக ஹாஸ்டல், உள்ளூர் மாணவர்களோடு வெளியே எடுக்கும் ஷேரிங் வீடு, ஒரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை. தனி ஸ்டூடியோ நாலாவது. அதை இங்கே சேர்க்கவில்லை. சில மாதங்களே கையில் இருக்கும்போது தனி அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

வந்து இறங்கும் வாரங்கள்

இதில் ஹாஸ்டலுக்குத்தான் முதல் இடம். புதிய ஊரில் வங்கிக் கணக்கு, விசா நீட்டிப்பு, காப்பீடு என்று எதைத் தொட்டாலும் முதல் கேள்வி முகவரி. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் குடியேறிய 14 நாட்களுக்குள் முகவரியைப் பதிவு செய்தாக வேண்டும். ஜெர்மனியில் வீடு கொடுத்தவர் எழுதித் தரும் ஒரு சான்றும் வேண்டும். ஹாஸ்டல் அலுவலகத்துக்கு இது அன்றாட வேலை, கேட்டதும் கொடுத்துவிடுவார்கள். ஷேரிங் வீட்டில் இங்கேதான் சிக்கல் வரும். ஓர் அறையை வீட்டு உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விட்டிருப்பவர், ‘எல்லாம் பார்த்துக்கலாம்’ என்பார். சான்று கேட்டால் நழுவுவார். முகவரிச் சான்று தருவீர்களா என்று பணம் அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். வீட்டை நீங்களோ உங்களுக்குத் தெரிந்த ஒருவரோ நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், பணத்தை இன்றே போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஹாஸ்டலுக்கும் ஓர் ஓட்டை உண்டு. சாவி கொடுக்கும் அலுவலகம் பெரும்பாலும் வேலை நாளில், வேலை நேரத்தில் மட்டும்தான் திறந்திருக்கும். மலிவான டிக்கெட் கிடைத்தது என்று சனிக்கிழமை இரவு போய் இறங்கினால், பெட்டியும் கையுமாக இரண்டு இரவு வேறெங்காவது தங்க வேண்டியிருக்கும். ஷேரிங் வீட்டில் நள்ளிரவிலும் ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு வந்து கதவைத் திறப்பார். ஹோஸ்ட் ஃபேமிலி என்றால் பல இடங்களில் நிலையத்துக்கே வந்து அழைத்துப் போவார்கள்.

நட்பு எங்கே உருவாகிறது

மூன்றையும் பிரித்துக் காட்டுவது இந்த விஷயம்தான்.

சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் இரண்டு சகாக்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர் குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டார்கள். யார் யாருக்கு நண்பர் என்று பார்த்தால், பக்கத்துக் கதவுக்காரர்கள்தான் அதிகம். ஒரே தளத்திலேயே நாலு கதவு தள்ளிப் போனால் எண்ணிக்கை சரிந்தது. மாடிப்படிக்கு அடியில் இருந்த வீட்டுக்காரர்களுக்கு மேல்தளத்தில் மற்றவர்களைவிட அதிக நண்பர்கள் இருந்தார்கள். குணப் பொருத்தம் எல்லாம் அப்புறம்தான், முதலில் எதிர்ப்பட வேண்டும்.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மணிக்கணக்கு போட்டது. அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு வரச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லச் சுமார் 90, நெருங்கிய நட்புக்கு 200-க்கும் மேல். இதை எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்குப் பொருத்திப் பாருங்கள். வாரம் 2 மணி நேர வகுப்பு, 15 வாரம்: மொத்தம் 30 மணி நேரம். அதிலும் பாதி நேரம் ஆசிரியரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. வகுப்பில் பக்கத்தில் உட்காருபவர் செமஸ்டர் முடியும்போதும் வெறும் தலையசைப்பாகவே நின்றுவிடுவதில் ஆச்சரியம் இல்லை. பொதுச் சமையலறையில் நாளுக்கு ஒரு மணி நேரம் நின்றால், அதே 15 வாரத்தில் 100 மணி நேரம் தாண்டிவிடும்.

ஆகவே, ஹாஸ்டல் என்றால் எந்த ஹாஸ்டல் என்று கேட்க வேண்டும். புதிதாகக் கட்டும் ஹாஸ்டல்கள் பலவற்றில் அறைக்குள்ளேயே குட்டி அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ், தனிக் குளியலறை வைத்துவிடுகிறார்கள். படத்தில் பார்க்க அருமை. அங்கே எதிர் அறைக்காரரின் முகம்கூட லிஃப்டில்தான் தெரியும். பழைய கட்டடம், ஒரு நடைக்கூடம், பத்துப் பேருக்கு ஒரு சமையலறை, ஃப்ரிட்ஜில் தட்டுக்குத் தட்டு டேப் ஒட்டிப் பெயர், சுவரில் யாரும் பின்பற்றாத சுத்தம் செய்யும் முறைப் பட்டியல்: எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஒரு பாத்திரம் கழுவுவதற்குள் மூன்று பேர் வந்து போவார்கள். மூன்றாவது நாள் பெயர் தெரியும், மூன்றாவது வாரம் யாருக்கு எப்போது தேர்வு என்பது வரை தெரிந்திருக்கும்.

ஆனால் அந்தப் பத்துப் பேர் யார்? எக்ஸ்சேஞ்ச் மாணவர்களை ஒரே கட்டடத்தில் போடும் வழக்கம் நிறைய பல்கலைக்கழகங்களில் உண்டு. உளவியலாளர் ஸ்டீஃபன் பாக்னரும் சகாக்களும் 1977-இல் வெளிநாட்டு மாணவர்களின் நட்பை மூன்று வட்டமாகப் பிரித்தார்கள்: சொந்த நாட்டவர், உள்ளூர்க்காரர், தன்னைப்போல் வந்த பிற நாட்டவர். பொழுதுபோக்குக்கு மூன்றாவது வட்டம், படிப்பு, நடைமுறை உதவிகளுக்கு இரண்டாவது வட்டம் என்று போய்க்கொண்டிருந்ததாக அவர்கள் கண்டார்கள். எக்ஸ்சேஞ்ச் ஹாஸ்டல் மூன்றாவது வட்டத்தைத் தட்டில் வைத்துத் தருகிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் அநாதையாக வந்து இறங்கியிருப்பதால் அங்கே ஒட்டுதல் சட்டென்று வரும். உள்ளூர் மாணவர்களுக்கோ பள்ளிக்கால நண்பர்கள் ஏற்கெனவே உண்டு. ஐந்து மாதத்தில் கிளம்பிவிடப் போகும் ஒருவருக்காக அவர்கள் தேடி வர மாட்டார்கள். அவர்களோடு 200 மணி நேரம் கிடைக்க வேண்டுமானால், ஒரே வீட்டில் இருப்பதைத் தவிர எனக்கு நல்ல வழி தெரியவில்லை. ஷேரிங் வீடு ஜெயிக்கும் இடம் இது.

மொழி

ஹோஸ்ட் ஃபேமிலிதான் மொழிக்குச் சிறந்தது என்பார்கள். பாதி உண்மை. இரவுச் சாப்பாட்டு மேசையில் உங்களிடம் பேசும்போது எல்லோரும் நிதானமாக, முழு வாக்கியமாகப் பேசுவார்கள். அடுத்த நிமிடம் அக்காவும் தம்பியும் தங்களுக்குள் வேகமெடுப்பார்கள், மேசை முழுக்கச் சிரிக்கும், நீங்களும் ஒரு நொடி தாமதமாகச் சிரித்து வைப்பீர்கள். அந்தத் தாமதம் மாதா மாதம் குறைவதுதான் மொழி வருவதற்கான அடையாளம். தவறைத் திருத்தும் பொறுமையும் குடும்பத்தில்தான் இருக்கும். ஷேரிங் வீட்டு நண்பர்கள் திருத்த மாட்டார்கள், புரிந்தால் போதும் என்று போய்விடுவார்கள். அதோடு, உங்களுக்குத் தடுமாற்றம் என்று தெரிந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். எக்ஸ்சேஞ்ச் ஹாஸ்டலில் பொது மொழி ஆங்கிலமேதான்.

ஆனால் குடும்பத்தோடு தங்கும் ஏற்பாடு பெரும்பாலும் பள்ளி வயதினருக்காக வளர்ந்தது. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வலர்களிடமிருந்து தோன்றிய ஏ.எஃப்.எஸ். அமைப்பு, 1947-இல் பள்ளி மாணவர்களைப் பரிமாறத் தொடங்கியது. அந்த அமைப்பு முறையில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய், யாரோடு போகிறாய் என்ற கேள்விகள் இயல்பாகவே இருக்கும். இருபத்தொரு வயதில் அந்தக் கேள்வி பிடிக்காதென்றால் இந்தப் பக்கம் போக வேண்டாம். மொழியே குறிக்கோள், அமைதியாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

சண்டை வந்தால்

ஹாஸ்டலில் புகார் சொல்ல ஆள் உண்டு, அறை மாற்றிக் கேட்கலாம். ஹோஸ்ட் ஃபேமிலிக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார், ஆனால் புகார் சொன்ன அன்று இரவும் அதே மேசையில்தான் சாப்பிட வேண்டும். ஷேரிங் வீட்டில் நீங்களேதான் பேசித் தீர்க்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் ஒன்று பாருங்கள்: எல்லோர் பெயரும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தால், ஒருவர் ஓடிப்போனால் அவர் பங்கு வாடகை மற்றவர்கள் தலையில் விழும்படி பல நாடுகளில் எழுதிவைக்கிறார்கள். உங்கள் அறைக்கு மட்டும் தனி ஒப்பந்தம் என்றால் நிம்மதி. குடியேறும் நாளில் கீறல், கறை எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். முன்பணம் திரும்ப வருவதற்கு அதுதான் சாட்சி.

ஒரு செமஸ்டரா, ஒரு வருடமா

ஒரு செமஸ்டர்தான் என்றால் பொதுச் சமையலறை உள்ள ஹாஸ்டல். எனக்குத் தயக்கமே இல்லை. வெளியே வீடு தேடி, படிந்து, பழகி முடிப்பதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிடும்.

ஒரு வருடம் என்றால் கணக்கு மாறுகிறது. ஸ்வேரே லிஸ்கார் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்கா போய் வந்த 200 ஃபுல்பிரைட் உதவித்தொகையாளர்களைப் பற்றி 1955-இல் எழுதினார். ஆறு மாதத்துக்குள் இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள்; நடுவில் இருந்தவர்களுக்குத்தான் சிரமம் அதிகம். பிற்கால ஆய்வுகள் எல்லாம் இந்த வளைவை அப்படியே ஏற்கவில்லை. இருந்தாலும் முதல் செமஸ்டரின் கொண்டாட்டக் கூட்டம் ஊர் திரும்பி, ஹாஸ்டல் நடைக்கூடம் காலியாகும் மாதத்தை நினைத்தால் இது பொருந்துகிறது. அந்த நேரத்தில் புதிதாக வருபவர்களோடு மறுபடியும் பெயர், ஊர் என்று ஆரம்பிப்பதைவிட, உள்ளூர் மாணவர்களின் வீட்டுக்கு மாறுவது நல்லது. முதல் செமஸ்டர் ஹாஸ்டல், இரண்டாவது ஷேரிங் வீடு என்பதே என் சிபாரிசு. அதற்குள் ஊரும் தெரிந்திருக்கும், வீட்டை நேரில் பார்த்து எடுக்கலாம்.

வீடு தேட ஒரு குறுக்கு வழியும் உண்டு. அந்தப் பல்கலைக்கழக மாணவர்களும் எக்ஸ்சேஞ்ச் போகிறார்கள். போகும்போது அறையை விட்டுவிட மனமில்லாமல் ஒரு செமஸ்டருக்கு மட்டும் ஆள் தேடுவார்கள். கட்டில், மேசை எல்லாம் இருக்கும், காலமும் ஏறக்குறைய உங்கள் காலமே, கூட இருப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். உங்கள் கல்லூரிக்கே அங்கிருந்து யார் வரப்போகிறார்கள் என்று சர்வதேச அலுவலகத்தில் கேட்டால், பல நேரம் அறிமுகம் செய்து வைப்பார்கள். வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி மட்டும் கட்டாயம்.

படிவத்தில் டிக் போடும் முன் ஹாஸ்டல் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். சமையலறையை எத்தனை பேர் பகிர்கிறார்கள், அந்தத் தளத்தில் உள்ளூர் மாணவர்கள் உண்டா, வார இறுதியில் சாவி கிடைக்குமா, ஒரு செமஸ்டரோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாமா என்று நாலே கேள்வி. கடைசிக் கேள்விக்கு முடியாது என்று பதில் வந்து, நீங்கள் போவதும் ஒரு வருடத்துக்கு என்றால், இப்போதே வெளியே அறை தேடத் தொடங்கிவிடலாம்.