கட்சி கடந்து பேச எதை முதலில் எடுப்பது: பள்ளிக்கூடமா, ஜாமீனா?

வாசகர் வட்டமோ, குடியிருப்போர் நலச் சங்கமோ, கல்லூரிப் பழைய மாணவர்களோ, யாராவது ஒருவர் மதுரையில் எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு சீர்திருத்தத்தைப் பற்றிப் பேசவைக்க நினைத்தால், முன்னால் வந்து நிற்கும் தலைப்புகள் இரண்டு. ஒன்று பள்ளிக்கல்வி. இன்னொன்று போலீஸ், கோர்ட், ஜெயில். பெரும்பாலோர் யோசிக்காமல் பள்ளியை எடுப்பார்கள். பிள்ளைகள் விஷயம், இதில் யார் சண்டை போடப் போகிறார்கள் என்ற நினைப்பு. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். முதல் அமர்வுக்கு அதுதான் தோது என்பது என் வாதம்.

பள்ளிக்குச் சாதகமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்டம் சேரும், பெண்கள் வருவார்கள், எல்லோருக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கும். பேசி முடித்தவுடன் போய்ச் சொல்ல ஓர் இடமும் உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். திங்கள்கிழமை காலையில் தலைமை ஆசிரியரைப் பார்த்துவிடலாம். காவல் நிலையத்தை வைத்து அப்படிச் செய்ய முடியாது. ‘எதுக்குண்ணே வம்பு’ என்று பாதிப்பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். இதையெல்லாம் எண்ணிப் பார்த்தால் பள்ளிதான் ஜெயிக்க வேண்டும்.

ஆனால் ஒரே ஒரு விஷயம் கணக்கைப் புரட்டிப் போடுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அவர் கட்சி ஏற்கெனவே பதில் எழுதிக் கொடுத்துவிட்டதா என்பதுதான் அது.

தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வி என்று வாயைத் திறந்தால் பத்து நிமிடத்தில் பேச்சு எங்கே போகும் என்பது தெரிந்ததுதான். 2020 தேசியக் கல்விக் கொள்கை, மும்மொழி, நீட், பி.எம். ஸ்ரீ பள்ளிகள், பள்ளிகளுக்காக டெல்லியிலிருந்து வர வேண்டிய 2024-25க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின்னால் 1968 இருமொழித் தீர்மானம், 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனது. இவை ஒவ்வொன்றிலும் கட்சித் தலைமையின் நிலைப்பாடு அச்சில் இருக்கிறது. அந்த நிலைப்பாடுகள் சரியா தவறா என்பது வேறு பேச்சு. வட்டச் செயலாளராக இருப்பவர் ‘நீங்க சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு’ என்று இங்கே சொல்லிவிட்டால், நாளைக்குக் காலையில் கட்சி அலுவலகத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவர் உங்களோடு பேசமாட்டார். இங்கே பேசியது யார் காதுக்குப் போகுமோ அவருக்காகப் பேசுவார். எதிரணிக்காரரும் அப்படியே. இரண்டு பேரும் நன்றாகவே பேசுவார்கள், அதில் குறை இருக்காது. ஆனால் புதிதாக ஒரு வாக்கியம்கூட வராது.

இப்போது தலைப்பை மாற்றிப் பாருங்கள். ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஒருவர் ஏன் சிறையிலேயே கிடக்கிறார்? இதற்கு எந்தக் கட்சியிலும் தலைமை கொடுத்த தயார் பதில் கிடையாது. கிளைச் செயலாளர் மனதில் பட்டதைச் சொல்லலாம், யாருக்கும் துரோகம் செய்ததாக ஆகாது.

மேலும் இந்த விஷயத்தில் யார் கையும் சுத்தமில்லை. குண்டர் சட்டம் என்று நாம் சொல்கிற 1982-இன் 14-ஆவது சட்டம் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அதற்குப் பிறகு வந்த எந்த ஆட்சியும் அதைக் கைவிடவில்லை, எதிர்க்கட்சியாக இருந்தபோது அதைக் கண்டிக்காதவர்களும் இல்லை. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காவல் துறைச் சீர்திருத்தத்துக்கு உத்தரவுகள் போட்டது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2013-இல் அ.தி.மு.க. ஆட்சியில் வந்த சட்டத்தில், மாவட்ட அளவில் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையத்துக்கு ஆட்சியரே தலைவர். நீதிமன்றம் எதிர்பார்த்ததோ ஓய்வுபெற்ற நீதிபதியை. 2021-இல் ஆட்சி மாறிய கையோடு யாரும் அதைத் திருத்த ஓடவில்லை. ஆகவே ‘உங்க ஆட்சியில’ என்று ஒருவர் ஆரம்பித்தால் எதிரே இருப்பவருக்கும் சொல்ல இருக்கும். இரண்டு சுற்று அப்படிப் போனபின் இரண்டு பேருக்கும் சலித்துவிடும். பேச்சு தொடங்குவதே அப்புறம்தான்.

இன்னொரு காரணம், கட்சிக்காரர்களுக்கு இந்த விஷயம் கைப்பழக்கம். மறியல் வழக்கு, சுவரொட்டி வழக்கு, பக்கத்து வீட்டுத் தகராறு என்று எந்தக் கட்சி வட்டச் செயலாளரும் ஜாமீனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவராகத்தான் இருப்பார். அமர்வின் நடுவில் வைக்க வேண்டியது அந்த அனுபவத்தைத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உத்தரவு வருகிறது, தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் என்று. இருவருக்கும் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, போட்டோ வேண்டும். சில கோர்ட்டில் வி.ஏ.ஓ. சான்றும் கேட்பார்கள். வீட்டு வரி ரசீது போன வருஷத்தது என்றால் திருப்பி அனுப்புவார்கள். வாடகை வீட்டில் இருப்பவருக்கு ரசீதே கிடையாது. வருகிற இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போச்சு, அதை யார் கொடுப்பது? திங்கள்கிழமை ஒருவர் வரவில்லை என்றால் செவ்வாய். எல்லாம் முடிந்து வெளியே வந்தவருக்குத் தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. சித்தாளாகவோ மார்க்கெட் சுமை தூக்குபவராகவோ இருந்தால் அந்தக் கையெழுத்தோடு வேலையும் போய்விடும். இதை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ‘எந்த இடத்தில் மாட்டும், ஒரு டிக் போடுங்கள்’ என்று கொடுங்கள். தி.மு.க., அ.தி.மு.க., பா.ஜ.க., கம்யூனிஸ்ட், வி.சி.க., நாம் தமிழர் என்று யார் வந்திருந்தாலும் டிக்குகள் ஏறக்குறைய ஒரே வரியில்தான் விழும்.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் சட்டத்தைப் போடுங்கள், ஐந்தே வரி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவு: அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விடுவிக்க வேண்டும், முதல் தடவைக்காரர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும், தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும் வேறு வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கும் இது பொருந்தாது. அதே சட்டத்தின் 478: ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் காட்ட முடியாதவரை ஏழை என்றே கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும். 2023 ஜனவரி 31 உச்ச நீதிமன்ற உத்தரவு: ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதமாகியும் முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பார்க்கலாம். 2023 ஏழைக் கைதிகள் உதவித் திட்டம்: விசாரணைக் கைதிக்குப் பண உதவி, 2023 விதிப்படி 40,000 ரூபாய் வரை. சிறையில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு; உதவி எண் 15100. பின்னால் சொல்லப்போகும் ஒரு வரியைத் தவிர, இதற்குமேல் சட்டம் வேண்டாம். நாடு முழுக்க எடுத்தால் 2022-இல் சிறையில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள் என்ற ஒற்றைக் கணக்கை மட்டும் தலைப்பில் போடலாம்.

இந்தத் தலைப்பு கெடும் இடங்கள் உண்டு, பள்ளியைவிட மோசமாகவே கெடும்.

முதலாவது காவல் மரணம். ஒருவர் 2020 சாத்தான்குளம் என்பார், இன்னொருவர் 2025 மடப்புரம் என்பார். முன்னது அ.தி.மு.க. ஆட்சி, பின்னது தி.மு.க. ஆட்சி. கட்சிக் கோடு திரும்ப உள்ளே நுழையும் வாசல் இது. மறைக்க வேண்டாம், இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். காவல் நிலைய சி.சி.டி.வி. பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஸ்டேஷனில் எத்தனை நாள் நிற்கிறது?

இரண்டாவது, ‘போக்சோ கேஸ்காரனுக்கும் ஜாமீனா? என்கவுன்ட்டர்தான் சரி’ என்ற குரல். இது எல்லாக் கட்சியிலிருந்தும் வரும், கைதட்டலும் வாங்கும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை மட்டும் பேசுகிறோம் என்று அழைப்பிலேயே எழுதிவிட்டால் பெரும்பாலும் அடங்கும்.

மூன்றாவதுதான் கடினமானது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் அறையை இரண்டாக்குவது கட்சி இல்லை, சாதி. ஜாமீனை இலகுவாக்கு என்று ஒருவர் சொன்னால், எங்களை அடித்தவன் மறுநாளே தெருவில் வந்து நிற்பானே என்று இன்னொருவர் கேட்பார். நியாயமான கேள்வி அது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவரின் தரப்பையும் கேட்க வேண்டும் என்கிறது. இந்த வரியும் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு தரப்பு எழுந்து போய்விடும், போவதில் தப்பும் இல்லை. நகர வார்டுகளில் இந்த ஏற்பாடு தாங்கும் என்று துணிந்து சொல்வேன். சமீபத்தில் மோதல் நடந்த கிராமத்தில் தாங்கும் என்று சொல்லத் துணியமாட்டேன்.

பள்ளியைத்தான் எடுப்பேன் என்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பான வாசல் உண்டு, சாப்பாடு. 1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989-இல் கருணாநிதி சேர்த்த முட்டை, 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில் ஸ்டாலின் தொடங்கிவைத்த காலை உணவு. அடுத்தடுத்து வந்தவர்கள் கட்டடத்தை இடிக்காமல் மாடி எடுத்தார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடும் அப்படித்தான்: 2020-இல் ஓர் ஆட்சி கொண்டுவந்ததை 2021-இல் அடுத்த ஆட்சி பொறியியல் முதலான படிப்புகளுக்கும் நீட்டியது. ஆனால் இங்கே வேறொரு சிக்கல். ஆளுக்கொரு தலைவரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டு, டீ குடித்துக் கலைந்துவிடுவார்கள். சண்டை இல்லை, சீர்திருத்தமும் இல்லை. 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது சட்டம். அந்த இரண்டில் ஒருவர் பயிற்சிக்குப் போன நாளில் ஐந்து வகுப்பை யார் பார்ப்பது என்று கேட்டால்தான் பேச்சு தரைக்கு வரும்.

நம் பக்கத்தில் இரண்டு தலைப்பும் ஒன்றாகும் ஓர் இடம் உண்டு, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் காலத்தில், 1920 ஏப்ரல் 3 பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூட்டை ஒட்டிய ஆண்டுகளில் வேர்விட்டவை. இன்றைக்கும் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் கீழ் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடக்கின்றன. பள்ளி மாணவர் ஒருவர் சாதி வெறியில் வெட்டப்பட்ட நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, இவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கவும் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கவும் 2024-இல் பரிந்துரைத்தது. இணைப்பு வேண்டும் என்பவரும் கூடாது என்பவரும் ஒரே கட்சிக்குள்ளேயே கிடைப்பார்கள். அருமையான தலைப்புத்தான், ஆனால் மூன்றாவது நான்காவது அமர்வுக்கு. முதல் நாளே எடுத்தால் சூடு தாங்காது.

ஏற்பாடு பற்றிச் சில. எட்டிலிருந்து பத்துப் பேர், அதற்குமேல் வேண்டாம். ஞாயிறு காலை 10 முதல் 11.30 வரை: தாளைப் படித்து டிக் போட 15 நிமிடம், சொந்த அனுபவத்துக்கு 30, கருத்து வேறுபாட்டுக்கு 30, கேள்வி எழுத 15. கட்சி அலுவலகமும் கூடாது, சாதிச் சங்க மண்டபமும் கூடாது. மைக் வேண்டவே வேண்டாம். மதுரையில் மைக்கைக் கையில் கொடுத்தால் அடுத்த நிமிடமே பட்டிமன்றம்தான். வீடியோ எடுக்கக் கூடாது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம், 30 வினாடி வாட்ஸ்அப் துண்டு ஒன்று போதும், அடுத்த அமர்வுக்கு ஒருவர்கூட வரமாட்டார். மறுக்கப் போகிறவர், மற்றவர் சொன்னதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஆமா, அதைத்தான் சொன்னேன்’ என்று வந்த பிறகே மறுப்பு. வக்கீல் ஒருவர் போதும், கேட்டால் மட்டும் பேசட்டும். பணியில் இருக்கும் போலீஸ்காரரைக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் ரைட்டரோ எஸ்.ஐ.யோ கிடைத்தால் விடாதீர்கள், ரிமாண்ட் எப்படிப் போகிறது என்று அவர்கள் சொல்வதில் பாதி, வக்கீல்களுக்கே தெரியாது.

கடைசிப் 15 நிமிடத்தில் தீர்மானம் போடாதீர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள். ‘மதுரை மத்தியச் சிறையில், ஜாமீன் உத்தரவு வந்து 7 நாளுக்குமேல் ஆகியும் வெளியே வராதவர்கள் இன்றைய தேதியில் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரைப் பற்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கப்பட்டது?’ 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள் கெடு. ‘ஏன்’ என்று கேட்டால் தகவல் இல்லை என்று திருப்புவார்கள், எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். சங்கத்தின் பெயரில் அனுப்பினாலும் திரும்பி வரலாம், ஒரு தனிநபர் பெயரில்தான் போக வேண்டும். ஆளுங்கட்சிக்காரர் தயங்குவார், எதிர்க்கட்சிக்காரர் பெயரில் போனால் அது எதிர்க்கட்சி மனு ஆகிவிடும். கூட்டம் கூட்டியவர் தன் பெயரில் போட்டு, பதில் வந்த அன்றைக்கே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நகல் கொடுத்துவிட வேண்டும்.