லாயமா, சிறு பட்டியா? தசைநாண் கிழிந்த குதிரைக்கு எது பொருந்தும்

முன்னங்கால் தசைநாண் கிழிந்தால் ஓய்வு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஓய்வை எங்கே கொடுப்பது என்பதில்தான் கருத்து பிரிகிறது. 12 அடிக்கு 12 அடி லாயத்தில் கட்டி வைக்கலாம். அதே அளவிலோ சற்றுப் பெரிதாகவோ வெளியில் வேலி கட்டிய பட்டியில் நிறுத்தலாம். திறந்த மைதானத்தில் அவிழ்த்துவிடுவதை இந்தக் கட்டத்தில் பேச்சுக்கே எடுக்கக்கூடாது. கிழிந்த இடத்தில் வளரும் புது நார் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் நேரம் அது. ஒரே பாய்ச்சலில் மறுபடி கிழியும்.

வீக்கமும் சூடும் உள்ள முதல் வாரங்களுக்கு லாயமே சரி. காலில் விழும் பாரம் நம் கையில் இருக்கிறது, 15 முதல் 20 நிமிடம் குளிர்நீர் விடுவதும் கட்டுப் போடுவதும் எளிது.

ஆனால் லாயம் காலைக் காத்து வயிற்றைக் கெடுக்கும். நடமாட்டம் குறைந்தால் குடல் மந்தமாகி, லத்தி இறுகி அடைத்துக்கொள்ளும். தானியத்தை முதல் நாளே வெகுவாகக் குறையுங்கள். உழைப்பில்லாத உடம்பில் அது துள்ளலாகத்தான் வெளிவரும். 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 7.5 முதல் 10 கிலோ காய்ந்த புல், சிறு கண் வலையில், பல வேளையாகப் பிரித்து. குதிரையின் இரைப்பையில் அமிலம் சுரப்பது நிற்பதே இல்லை. பல மணி நேரம் வெறும் வயிறாக விட்டால் புண் வரும். லத்தியை எண்ணுங்கள்: வழக்கமாக நாளுக்கு 8 முதல் 12 குவியல். எண்ணிக்கை குறைந்தாலோ உருண்டை வறண்டாலோ, தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று உடனே பாருங்கள். வைக்கோல் படுக்கையைச் சலிப்பில் தின்று தீர்க்கும் குதிரைக்கு மரச்சீவல் நல்லது. பலர் மறப்பது அடிபடாத மறு முன்னங்காலை. கூடுதல் பாரம் அதில்தான் இறங்குகிறது. அந்தக் குளம்பின் சூட்டையும் கணுவின் பின்புற நாடித் துடிப்பையும் தினம் இருமுறை தொட்டுப் பாருங்கள்.

பட்டியில் தூசி இல்லை, காற்று உண்டு, மற்ற குதிரைகள் கண்ணில் படும். சாதுவான குதிரை அங்கே அமைதியாக நிற்கும். பதற்றக்காரக் குதிரையோ, பக்கத்துத் துணையை யாராவது ஓட்டிப்போன நொடியில் வேலியோரம் சுழலும். அந்தத் திடீர்த் திருப்பம்தான் ஆபத்து. தரையில் சேறு இருந்தால் வழுக்கும், ஆழ்மணல் தசைநாணை இழுக்கும். அதனால், ஏறக்குறைய 3 மாதத்தில் எடுக்கும் அல்ட்ராசவுண்டில் நார் சீராக அடுக்கியிருப்பது தெரிந்த பிறகு, சாதுவான குதிரைக்கு மட்டுமே பட்டி என்பது என் தீர்மானம்.

எங்கே நிறுத்தினாலும் கையில் பிடித்து நடத்துவது தவறக்கூடாது. புது நார் ஒழுங்காக அடுக்க அளவான இழுவிசை தேவை. மருத்துவர் சம்மதித்ததும் 5 முதல் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 5 நிமிடம் கூட்டலாம். கெட்டியான சமதரையில், நேர்கோட்டில். துள்ளும் குதிரைக்கு அமைதிப்படுத்தும் மருந்து மருத்துவர் கையால் மட்டுமே. அப்படிப்பட்ட மருந்தான ஏஸ்ப்ரோமசின் பொலிக்குதிரைகளில் ஆண்குறி உள்ளிழுக்க முடியாமல் தொங்கிப்போகும் சிக்கலை உண்டாக்கக்கூடியது.

நொண்டல் மறைந்ததும் ட்ராட் (நடைக்கு அடுத்த மித ஓட்டம்) ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். வலிநிவாரணி உள்ளே இருந்தால் அந்த நடையை நம்பவே முடியாது. மருந்து நின்ற பிறகும் நொண்டல் போவது முன்னால், நார் உறுதிப்படுவது வெகு பின்னால். 9 முதல் 12 மாதம்கூட ஆகும். ஸ்கேன் பார்க்காமல் ட்ராட் வேண்டாம்.