வாசனை சினிமா: அரோமாராமாவா, ஸ்மெல்-ஓ-விஷனா?

படத்தோடு வாசனையும் வரவேண்டும் என்று அமெரிக்காவில் இரண்டு கோஷ்டிகள் ஒரே சமயத்தில் மல்லுக்கட்டின. 1959 டிசம்பரில் நியூயார்க்கில் முந்திக்கொண்டது அரோமாராமா. தியேட்டரின் ஏசி வழியாகவே வாசனையை விடுவார்கள், செலவு கம்மி, சரி, ஆனால் விட்ட வாசனை வெளியே போனால்தானே! திரையில் ஆரஞ்சை வெட்டும்போது ஆரஞ்சு மணக்கலாம், அது போகாமல் அடுத்த வாசனையோடு கலந்தால்?

அடுத்த மாதமே சிகாகோவில் வந்த ஸ்மெல்-ஓ-விஷன், ஹான்ஸ் லாப் என்பவர் உருவாக்கியது, சீட்டுக்குச் சீட்டு குழாய் வைத்து, காட்சிக்கு ஏற்ற வாசனையைச் சரியான நேரத்தில் அனுப்பும் ஏற்பாடு. இதில் ஓடிய படத்தில் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் துப்பே அவன் பைப் புகையிலையின் வாசனைதான், அதனால் என் ஓட்டு இதற்கே. ஆனால் பால்கனிக்கு வாசனை தாமதமாகப் போனது, குழாய் வேறு உஸ்ஸென்று இரைந்தது, போதாக்குறைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சும் சத்தம். இரண்டுமே ஆளுக்கு ஒரு படத்தோடு சரி.