வியன்னாவில் கப்பல்காரர்கள் விற்கும் நகர்ச் சுற்றுலா: காசு கட்டும் முன் இதைப் படியுங்கள்

டான்யூப் நதியில் கப்பல் பயணம் போகத் திட்டமிட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கப்பலைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. அறை சுத்தம், சாப்பாடு தாராளம், சைவம் என்று சொன்னால் புரிந்துகொண்டு சமைத்தார்கள். என் புகாரெல்லாம் வியன்னாவில் கப்பல் நிற்கும் அந்த ஒரு நாளுக்கென்று ரிசப்ஷனில் தனியாக விற்கிறார்களே, வழிகாட்டியுடன் முழுநாள் நகர்ச் சுற்றுலா, அதைப் பற்றித்தான். ஆளுக்கு 79 யூரோ. கணவர், மாமியார், நான் மூவருக்கும் 237 யூரோ கட்டினோம். அந்தப் பணத்துக்குக் காட்டப்பட்ட இடங்கள் அத்தனையும் யார் வேண்டுமானாலும் சல்லிக்காசு கொடுக்காமல் போய்ப் பார்க்கக்கூடியவை.

துண்டுப் பிரசுரத்தில் ஷோன்ப்ரூன் அரண்மனை, ஸ்டெஃபான்ஸ்டோம் தேவாலயம், நாஷ்மார்க்ட் சந்தை மூன்றும் இருந்தன. மெதுவாக நடப்பவர்களுக்குத் தனிக் குழு என்றும் போட்டிருந்தார்கள். அத்தைக்கு முழங்கால் வலி. அந்த ஒரு வரியை நம்பித்தான் அவரையும் சேர்த்துக்கொண்டோம்.

காலையில் இறங்கும்போதே தனிக் குழு காணாமல் போய்விட்டது. ரைக்ஸ்ப்ரூக்க பாலத்துப் பக்கம் கப்பல்களை ஒன்றை ஒட்டி ஒன்றாக நிறுத்துவார்கள். பக்கத்துக் கப்பலுக்குள் புகுந்து, படி ஏறி இறங்கித்தான் கரைக்கு வர வேண்டும். அத்தை வந்து சேர்வதற்குள் எண் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி வழிகாட்டி பஸ்ஸில் ஏறிவிட்டார். கேட்டால், "மெதுவாக நடக்கும் குழுவுக்குப் போதிய ஆள் சேரவில்லை, எல்லாரும் ஒரே குழு" என்றார். பணம் வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. வழிகாட்டி பேசுவதைக் கேட்கக் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அத்தையுடையதில் பேட்டரி இல்லை. மாற்றும் கேட்டோம், வரவே இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வியன்னாவில் ஞாயிறு என்றால் பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை, நாஷ்மார்க்ட்டுக்கும்தான். கப்பல் என்றைக்கு எந்த ஊரில் நிற்கும் என்பது பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடும் விஷயம். அப்படியிருந்தும் பிரசுரத்தில் பழக்கடைப் படம் போட்டு, "சந்தையின் சுவைகள்" என்று தலைப்பும் வைத்து விற்றிருக்கிறார்கள். நாங்கள் போனபோது இரண்டு பக்கமும் பச்சை ஷட்டர்கள்தான். அந்த நீளமான சந்தையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடக்க வைத்தார். ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. "இங்கே வார நாட்களில் ஆலிவ் விற்பார்கள்" என்று பூட்டிய ஷட்டரைக் காட்டிச் சொன்னதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

தேவாலயத்திலும் இதே கதை. ஞாயிறு காலை பூசை நடக்கும். சுற்றிப் பார்க்க வருபவர்கள் பின்பக்கக் கம்பித் தடுப்போடு நின்றுவிட வேண்டும். அது அவர்கள் வழிபாட்டு நேரம், தவறே இல்லை. ஆனால் அந்த நேரத்துக்கென்று பார்த்து எங்களை அழைத்துப் போனது யார்? 136 மீட்டர் உயரத் தெற்குக் கோபுரத்தில் 343 படி ஏறலாம், கீழே நிலவறைகள் உண்டு, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம். பின்பக்கம் நின்று பார்ப்பதற்குக் கட்டணமே கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

அப்புறம் கடை. சந்தைக்கும் தேவாலயத்துக்கும் கொடுத்த நேரத்தைவிட அந்தப் பரிசுப்பொருள் கடைக்குக் கொடுத்த நேரம் அதிகம். ஞாயிறன்று திறந்திருக்க அனுமதி உள்ள கடைகளில் ஒன்று. வாசலிலேயே முத்திரை குத்திய ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, "பில் போடும்போது இதைக் காட்டுங்கள், தள்ளுபடி உண்டு" என்றார் வழிகாட்டி. தள்ளுபடி வரவில்லை. யார் அழைத்து வந்த கூட்டம் என்று கணக்கு வைத்துக்கொள்ளத்தான் அந்தச் சீட்டு என்று எனக்குத் தோன்றுகிறது. மோட்ஸார்ட்குகல் மிட்டாயைக் காட்டி, "இதுதான் அசல்" என்று அடித்துச் சொன்னார்கள். 1890-இல் சால்ஸ்பர்க்கில் பால் ஃபூர்ஸ்ட் என்ற மிட்டாய்க்காரர் உருவாக்கியது அது. அந்த அசல் இன்றும் சால்ஸ்பர்க்கில்தான் கையால் செய்யப்படுகிறது, வெள்ளியும் நீலமுமான தாளில் சுற்றியிருக்கும். கடையில் இருந்ததெல்லாம் சிவப்பும் தங்கமுமான தாள். வியன்னா சூப்பர்மார்க்கெட்டுகளிலும் கிடைக்கும் சரக்குதான், இங்கே விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கார்டு தேய்க்கும்போது இன்னொன்று. உங்கள் ஊர்ப் பணத்திலா, யூரோவிலா என்று மெஷின் கேட்கும். கடைப் பெண் எங்களைக் கேட்காமலேயே ஊர்ப் பணத்துக்கான பொத்தானை அழுத்தப் போனார். கணவர் கையை நீட்டித் தடுத்து, "யூரோவில் போடுங்கள்" என்றார். ஊர்ப் பணத்தில் போட்டால் மாற்று விகிதத்தை அவர்கள் இஷ்டத்துக்கு வைப்பார்கள். எப்போதும் யூரோவையே தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டது மதியம் அரண்மனை இருக்கிறதே என்பதற்காக. ஷோன்ப்ரூனில் 1,441 அறைகள். மக்களுக்குக் காட்டுவது அதில் நாற்பது சொச்சம்தான். 1762-இல் இசைமேதை மோட்ஸார்ட் ஆறு வயதில் அரசி மரியா தெரேசாவின் முன் இசை வாசித்தது அங்கேதான். 1961-இல் அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷேவும் வியன்னாவில் சந்தித்தபோது விருந்து நடந்ததும் அங்கேதான். நாற்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தப் பெரிய கூடத்தின் படம் பிரசுரத்தின் அட்டையிலேயே இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழிகாட்டி நேராக அரண்மனையைச் சுற்றிக்கொண்டு பின்புறத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். மணல் பாதையில் நின்று, "ஐந்து நிமிடம் வரலாறு, பிறகு நாற்பது நிமிடம் உங்கள் நேரம்" என்று சொல்லிவிட்டுக் கருவியை அணைத்தார்.

அத்தை என்னைப் பார்த்து, "ஏம்மா, உள்ளே எப்போ போறாங்க?" என்றார்.

நான் வழிகாட்டியைக் கேட்டேன். உள்ளே போக டிக்கெட் இந்தச் சுற்றுலாவில் சேராது என்றார். சரி, நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றால், உள்ளே போக நேரம் குறித்துத்தான் டிக்கெட் தருவார்கள், அடுத்ததாகக் கிடைத்த நேரம் எங்கள் பஸ் புறப்பட்ட பிறகு. பிரசுரத்தை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தோம். நுழைவுக் கட்டணம் தனி என்று பொடி எழுத்தில்கூட இல்லை. அந்தத் தோட்டமோ 1779 வாக்கிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது, இன்றும் நுழைவு இலவசம். வியன்னாக்காரர்கள் காலையில் ஓட்டப் பயிற்சிக்கு வரும் இடம். மேட்டின் மேல் க்ளோரியெட் மண்டபம் தெரிந்தது. அத்தையால் ஏற முடியாது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது நிமிடத்தைக் கழித்தோம்.

வழிகாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவில் சுற்றுலா வழிகாட்டி வேலைக்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். உரிமம் உள்ளவர்கள் அதற்கான பேட்ஜை அணிந்திருப்பார்கள். எங்களுடன் வந்தவரிடம் கப்பலின் அட்டை மட்டும் தொங்கியது. ஹோஃப்பர்க் அரண்மனையைக் கடக்கும்போது அவர் சொன்ன ஒரே தகவல், இடப்பக்கம் கழிப்பறை இருக்கிறது, 50 சென்ட் என்பது. உரிமம் உள்ளவரா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பேட்ஜைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை.

நீங்கள் போனால், பணம் கட்டும் முன் எந்தெந்த இடத்துக்கு உள்ளே போகும் டிக்கெட் சேர்ந்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் இருக்கும்" என்ற பதிலை நம்பாதீர்கள். அன்றைக்கு என்ன கிழமை என்று பாருங்கள். நடக்க முடியாதவர்கள் கூட இருந்தால், தனிக் குழு உறுதியா என்று முந்தைய நாள் இரவே கேளுங்கள். இன்னொன்று, இந்தச் சுற்றுலாவே தேவையில்லை. ரைக்ஸ்ப்ரூக்க துறையிலிருந்து ஃபோர்கார்டன்ஸ்ட்ராஸ மெட்ரோ நிலையம் நடக்கும் தூரம். யு1 ரயிலில் நான்காவது நிறுத்தம் தேவாலயத்து வாசல். அரண்மனைக்கு ஷ்வேடன்ப்ளாட்ஸில் யு4-க்கு மாறினால் ஷோன்ப்ரூன் என்றே நிலையம் இருக்கிறது. உள்ளே போகும் டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் நேரம் குறித்து வாங்கிவிடலாம். சில கப்பல்கள் நுஸ்டார்ஃபில் நிற்கும், அதனால் எந்தத் துறை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே ரிசப்ஷனில் புகார் எழுதிக் கொடுத்து, நகலில் தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கினோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பேக்கேஜ் பயணங்களுக்கு 2015-இல் வந்த விதிப்படி, சொன்ன சேவை கிடைக்காவிட்டால் விலையைக் குறைக்கக் கேட்கலாம், ஆனால் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும். அதனால் ஊர் திரும்பிய பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் முதலில் நீட்டியது ஆளுக்கு 15 யூரோ கூப்பன். அதுவும் புடாபெஸ்ட்டில் அவர்கள் நடத்தும் அடுத்த சுற்றுலாவுக்கு மட்டும் செல்லுமாம்! வேண்டாம் என்றுவிட்டோம்.

நிறுவனத்திடமிருந்து போன வாரம் மெயில் வந்தது. தோட்டமும் அரண்மனை வளாகத்தின் ஒரு பகுதிதான், ஆகவே அரண்மனையைக் காட்டிவிட்டோம் என்கிறார்கள். பிரசுரத்தின் அட்டைப் படத்தை இணைத்து, இந்தக் கூடம் தோட்டத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டுப் பதில் அனுப்பியிருக்கிறேன்.