முதுகுப் பருவுக்கு ‘பிரைடல் பேக்கேஜ்’ எடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்ட பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள், அப்புறம் முதுகிலும் தோளிலும் பருவை வைத்துக்கொண்டு ராத்திரி கிளினிக் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாரும், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சென்னையில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு தோல் அழகு கிளினிக்கில் எனக்கு நடந்தது இது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் இருப்பதால் பெயர் போடவில்லை, இன்பாக்ஸில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். இதே பாணியில் ஊர் முழுக்கக் கடை விரித்திருக்கிறார்கள், ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு அடுத்த தெருவில் போய் மாட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

எனக்கு முகத்தில் பரு கிடையாது. மேல்முதுகு, தோள்பட்டை, நெஞ்சு, இந்த மூன்று இடத்தில்தான். எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரி, குட்டிக் குட்டியாக. வேர்த்தால் அரிக்கும். (இந்த அரிப்பை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.) முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த டெய்லர் அக்கா, “பின்கழுத்தைக் கொஞ்சம் ஏத்தி வச்சிடவா பாப்பா?” என்று கேட்டதும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, அன்றைக்கே விளம்பரத்தில் வந்த ‘இலவச ஆலோசனை’யைப் பதிவு செய்தேன்.

அங்கே முதலில் நம்மைப் பார்ப்பது டாக்டர் இல்லை. கவுன்சலர் என்று ஒரு பெண். கல்யாணத் தேதி என்ன, ஜாக்கெட் எவ்வளவு இறக்கம், மாப்பிள்ளை எங்கே வேலை, என் சம்பளம் எந்த பேங்கில் ஏறுகிறது, எல்லாம் கேட்டார். அரிக்கிறதா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இதற்கு முன் என்ன தடவினீர்கள், இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. முதுகைப் பார்க்காமலே “ஆக்னே கிளியர் பிரைடல் பாடி” என்று ஒரு பேக்கேஜை எடுத்து வைத்தார். 90,000 ரூபாயாம், இன்றைக்கே சேர்ந்தால் 65,000. யோசித்துச் சொல்கிறேன் என்றதும், “வட்டியில்லாத தவணை இருக்கு மேம், உங்களுக்குக் கிடைக்குமான்னு மட்டும் பார்ப்போம், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க” என்றார். அந்த ஓடிபியோடு ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் கடன் ஏறிவிட்டது. கிளினிக்குக்கு முழுப்பணமும் போய்ச் சேர்ந்துவிடும், தவணை நான் கட்ட வேண்டும். நாளைக்கு சிகிச்சையை நிறுத்தினாலும் கடன் நிற்காது, ஏனென்றால் கடன் கொடுத்தவன் வேறு, சிகிச்சை கொடுத்தவன் வேறு. இந்த ஏற்பாட்டை அவர்கள் நம்மிடம் விளக்கவே மாட்டார்கள். ‘கிடைக்குமா என்று பார்க்கிறோம்’ என்று யாராவது ஓடிபி கேட்டால், அந்த எஸ்எம்எஸ்ஸை முழுக்கப் படியுங்கள், கடன் ஒப்புதலுக்கான ஓடிபி என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். எனக்கு வந்ததில் எழுதியிருந்தது, ஆனால் போன் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது.

டாக்டர் தரிசனம் பணம் கட்டிய பிறகுதான். நின்றபடியே எட்டிப் பார்த்தார், “ஹார்மோனல்” என்று ஒரு வார்த்தை சொன்னார், போய்விட்டார். பீல் (தோலின் மேல்படலத்தை உரிக்கும் ரசாயனப் பூச்சு) போட்டதெல்லாம் யூனிஃபார்ம் போட்ட தெரபிஸ்ட் பிள்ளைகள். எரிகிறது என்று சொன்னால் குட்டி ஃபேனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, “எரிஞ்சாதான் மேம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்பார்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பீல் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் அந்த இடம் புண்ணாகி, ஆறின பிறகு கருத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும். என் இடது தோளில் இன்னும் நிற்கிறது.

இதையெல்லாம்கூட விடுங்கள். பெரிய அநியாயம் அந்த வெள்ளை டப்பா. வீட்டில் இரவு தடவ ஒரு கிரீம் கொடுத்தார்கள். மேலே லேபிள் இல்லை, கம்பெனி பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை, ‘நைட்’ என்று பேனாவில் எழுதி ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும். “எங்க டாக்டரோட சொந்த ஃபார்முலா” என்றார்கள். தடவிய சில நாளிலேயே அரிப்பு போனது, சிவப்பு போனது, முதுகு பளபளவென்று ஆகிவிட்டது. அம்மா மாங்காடு அம்மனுக்கு நேர்ந்துகொண்டது பலித்துவிட்டது என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். டப்பா தீர்ந்ததும் போனதெல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது, முன்பு இல்லாத கைகளிலும் சேர்த்து. கிளினிக்கில் போய்க் கேட்டால், “உள்ளே இருக்கிற கழிவு வெளியே வருது மேம்” என்று சொல்லி இன்னொரு டப்பாவுக்குத் தனியாக 1,800 ரூபாய் வாங்கினார்கள். தடவினால் அடங்கும், விட்டால் கிளம்பும். முகூர்த்தம் நெருங்க நெருங்க எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

கடைசியில் அத்தை அதட்டி இழுத்துக்கொண்டு போனது அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்கு. ஓபி சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, வயதான ஒரு டாக்டரம்மா முன்னால் போய் நின்றால், அவர் கேட்ட முதல் கேள்வியே “அரிக்குதாம்மா?” என்பதுதான். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதுகு முழுக்கப் பார்த்தார், ஒரு கொப்புளத்தைச் சுரண்டி ஸ்லைடில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். எனக்கு முதலில் இருந்தது சாதாரணப் பருவே இல்லை. மலாசீசியா என்ற பூஞ்சை நம் எல்லாருடைய தோலிலும் சும்மா இருக்கும், வேர்வையும் எண்ணெயும் புழுக்கமும் சேர்ந்தால் முடிக்கால்களுக்குள் பெருகி இப்படிக் கிளம்பும். சாதாரணப் பரு என்றால் கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்கும், ஒன்று சின்னது ஒன்று பெரியது என்று கலந்து இருக்கும், பெரும்பாலும் அரிப்பதைவிட வலிக்கும். இது எல்லாம் ஒரே அளவு, அரிக்கும், கரும்புள்ளி இருக்காது. பருவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கை இதற்குக் கொடுத்தால் பாக்டீரியா குறைந்து பூஞ்சைக்கு இன்னும் வசதி ஆகிவிடும். கிளினிக்கில் எனக்கு அதையும் கொடுத்திருந்தார்கள்.

வெள்ளை டப்பாவைக் காட்டியதும் டாக்டரம்மா முகம் சுளித்தார். “இதுல என்ன இருக்குன்னு எழுத்துல வாங்கிட்டு வா” என்றார். கிளினிக்கில் சண்டை போட்ட பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு டியூபின் படம் வந்தது: குளோபீட்டாசால், ஓஃப்ளாக்ஸசின், ஆர்னிடாசால், டெர்பினாஃபின். படர்தாமரைக்கு என்று மெடிக்கலில் ஆளாளுக்குக் கேட்டு வாங்குவார்களே, அந்த நாலு கூட்டு கிரீம்தான் டாக்டரின் சொந்த ஃபார்முலா! டியூபைப் பிதுக்கி டப்பாவில் அடைத்திருக்கிறார்கள். குளோபீட்டாசால் தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. வீக்கத்தையும் அரிப்பையும் உடனே அமுக்கிவிடும், அதனால்தான் அந்தப் பளபளப்பு. தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், வரித் தழும்பு விழும், ஸ்டீராய்டாலேயே புதிதாகப் பரு கிளம்பும். மேலே என் கைகளில் வந்தது என்று சொன்னேனே, அது இந்த வகை என்றார். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. டியூபில் இருக்க வேண்டிய அந்த எச்சரிக்கையைக் கண்ணில் படாமல் செய்வதற்கு டப்பாவைவிட நல்ல வழி கிடையாது.

டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டார்: “ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை ஏதாவது குடுத்தாங்களா?” நல்லவேளையாகக் கொடுக்கவில்லை. கடுமையான பருவுக்கு அது நல்ல மருந்துதான், ஆனால் அதைச் சாப்பிடும்போதும் நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கவே கூடாது, குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரலாம். கல்யாணத்துக்கு முன் பெண்களுக்கு முதுகுப் பரு சிகிச்சை விற்கிறவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டிய முதல் விஷயம் இது. யாராவது அந்த மாத்திரையைக் கையில் கொடுத்து இதைச் சொல்லாமல் விட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்குக் கொடுத்த சிகிச்சை கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பு, தலைக்கு இல்லை, முதுகுக்கு. தடவி ஐந்து நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும். கூடவே கொஞ்ச நாளைக்கு பூஞ்சைக்கான மாத்திரை, டாக்டர் கண்காணிப்பில். ஸ்டீராய்டை நிறுத்தியதும் ஒரு முறை பயங்கரமாகக் கிளம்பத்தான் செய்தது, கிளம்பும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து அது முதுகில் வழிய விட்டுத் தூங்குவதை நிறுத்தச் சொன்னார், வேர்த்த சுடிதாரோடு பஸ்ஸிலும் ஆபீஸிலும் உட்கார்ந்திருக்காமல் சட்டென்று மாற்றச் சொன்னார். கண்டிஷனர் போட்டு அலசினால் கடைசியில் முதுகைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்ப்பது அறவே கூடாது, எலுமிச்சையும் கூடாது (அம்மா கவனிக்க). முகூர்த்தத்துக்கு முதுகு கண்ணாடி மாதிரி ஆகிவிடவில்லை, கறை இருந்தது. ஜாக்கெட் கழுத்தை டெய்லர் அக்கா ஏற்றித்தான் தைத்தார், அழகாகவே இருந்தது.

உங்களுக்கு இருப்பது உண்மையான பருவாகவே இருந்தாலும் அதற்கு 65,000 தேவையில்லை. லேசானது என்றால் டாக்டர்கள் பெரும்பாலும் ஆரம்பிப்பது பென்சாயில் பெராக்ஸைடு வாஷில்தான், இரண்டு மூன்று நிமிடம் வைத்துக் கழுவுவது. ஒன்று மட்டும், அது துண்டு, பெட்ஷீட், கலர் சட்டை எல்லாவற்றையும் வெளுத்துவிடும், வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அடாபலீன் ஜெல் எழுதுவார்கள், கர்ப்பமாக இருப்பவர்களும் திட்டமிடுபவர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்று நாளில் மாயம் நடந்தால் டப்பாவைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஜிம் போகிற தம்பிகளுக்கு: ‘மாஸ்’ ஏற யாராவது ஊசி போட்டுவிட்டால் முதுகில் கொத்துக் கொத்தாக வருவது அந்த ஊசியில் இருக்கும் ஸ்டீராய்டால்தான், மேலே கிரீம் தடவி ஒன்றும் ஆகாது.

பண விஷயம். பில்லை எடுத்துப் பாருங்கள். என்னுடையதில் ‘பியூட்டி சர்வீஸ்’ என்று போட்டு ஜிஎஸ்டி வாங்கியிருந்தார்கள். நோய்க்கான சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது. சேரும்போது ‘டாக்டர் டிரீட்மெண்ட்’, சண்டை வந்தால் ‘நாங்க பியூட்டி சர்வீஸ்தானே மேம்’. டாக்டர் என்று உட்கார்ந்திருப்பவரின் பதிவு எண்ணைக் கேட்டு தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் தளத்தில் தேடலாம், எம்டி டிவிஎல் அல்லது டிடிவிஎல் (தோல் மருத்துவத்துக்கான மேற்படிப்பு) இருக்கிறதா என்று பாருங்கள், காஸ்மெட்டாலஜி டிப்ளமோ அதற்குச் சமம் இல்லை. தனியார் கிளினிக்குகள் 1997ஆம் வருடச் சட்டப்படி மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும், புகாரும் அங்கே கொடுக்கலாம். லேபிள் இல்லாத மருந்தைப் பற்றிய புகார் தனி, அதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் கொடுக்க வேண்டும்.

நான் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், கிளினிக் பதில் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் போனதும் போடாத சிட்டிங்குகளுக்கான பணத்தை மட்டும் திருப்பித் தருவதாக வந்தார்கள், டப்பாவைப் பற்றி எழுதிக் கொடுக்க மாட்டார்களாம். அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருக்கிறேன், நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள், சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டுவது) அடிபடும். நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதே போல் லேபிள் இல்லாத டப்பா வைத்திருப்பவர்கள் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மிச்சம் இருக்கிற கிரீமோடு மூடி, வாங்கிய பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் சேர்த்து எடுத்து வையுங்கள். என் வக்கீல் முதலில் கேட்டது அதைத்தான்.