வெள்ளவத்தை மிருக வைத்திய நிலையம்: குட்டிகளைக் கொடுக்க அவசரப்படவிடாத டாக்டர்

எங்கள் பூனை போட்ட நான்கு குட்டிகளில் ஒன்றை ஐந்தாவது கிழமையே மேல்மாடி அக்கா கேட்டார். மீன் சோறு தின்னத் தொடங்கிவிட்டனவே என்று நானும் சரி சொல்லிவிட்டேன். பூச்சி மருந்துக்கு இங்கே போனபோது டாக்டர் தடுத்தார். சாப்பிட்டால் மட்டும் போதாது, கூடப் பிறந்தவற்றோடு விளையாடித்தான் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்று பழகுமாம். குறைந்தது 8 கிழமை, முடிந்தால் 12 என்றார். ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். சின்னது 500 கிராம்கூட இல்லை. 8 கிழமையில் ஏறக்குறைய 900 வரவேண்டும். இவ்வளவு பொறுமையாக யார் சொல்வார்கள்!

சனிக்கிழமை கூட்டம் அதிகம். நாய்களுக்கு நடுவே குட்டிகள் நடுங்கின, அதுதான் குறை.

ஒன்பதாவது கிழமை, முதல் தடுப்பூசி போட்ட பிறகுதான் அக்காவிடம் கொடுத்தேன். அன்றிரவே கழிவுக்கு வைத்த மண் தட்டைத் தானாகத் தேடிப் போனதாம்.