லைட் எரிகிறது என்பதற்காகப் பழைய கீபோர்டு போர்டை வாங்கிவிடாதீர்கள்

ரங்கூனில் பழைய கம்ப்யூட்டர் சாமான் வாங்கி வீட்டிலேயே கேம் கன்ட்ரோலர் செய்ய நினைப்பவர்கள், காசு கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அக்கா மகன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான், புதிது வாங்க வசதியில்லை. யூஎஸ்பி கீபோர்டுக்குள் இருக்கும் சின்ன போர்டும் கழித்துப்போட்ட மவுஸ் பட்டன்களும் இருந்தால் போதும், போர்டில் இரண்டு முனைகளை வயரால் இணைத்தாலே ஒரு எழுத்தை அழுத்தியதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும்.

தெய்ன்ஜி சந்தைப் பக்கம் ஒரு கடையில் போர்டு கிடைத்தது. கடைக்காரர் தமிழில் பேசினார், வீட்டில் எல்லாரையும் விசாரித்தார், அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "யூஎஸ்பிதான் தம்பி, பாருங்க" என்று பவர் பேங்கில் சொருகிக் காட்டினார். மூன்று லைட்டும் ஒருமுறை மின்னி அணைந்தன. 12,000 கியாட் கொடுத்து வாங்கி வந்தேன்.

கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து இரண்டு நாள் உட்கார்ந்து பட்டன்களைப் பற்றவைத்தேன். கம்ப்யூட்டரில் சொருகினால் லைட் மின்னுகிறது, ஒரு எழுத்தும் விழவில்லை, பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறான். அப்புறம்தான் கேபிளில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தேன். போர்டிலிருந்து வரும் நான்கு வயரையும் வெட்டி யூஎஸ்பி வயரோடு முறுக்கி வைத்திருக்கிறார்கள். போர்டின் ஓரத்தில் 'கிளாக்', 'டேட்டா' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. அது உருண்டைப் பின் வைத்த பழைய பிஎஸ்2 கீபோர்டு, 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த முறை. 5 வோல்ட் கரண்ட் பிஎஸ்2, யூஎஸ்பி இரண்டுக்கும் பொது, ஆனால் கம்ப்யூட்டரோடு பேசும் விதமே வேறு. கரண்ட் வந்ததும் தன்னைத்தானே சோதித்து லைட்டை மின்னவைப்பது அந்தக் கீபோர்டுகளின் வழக்கம், அதைக் காட்டித்தான் விற்றிருக்கிறார்.

திரும்பப் போய்க் கேட்டால், "நீங்க சூடு வெச்சுக் கெடுத்துட்டீங்க" என்கிறார். டேப் சுற்றியது யார் என்றேன், பதிலே இல்லை. பணத்தைவிட, தெரிந்தே செய்தார் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

வாங்குவதானால் ஓடிஜி கேபிள் (யூஎஸ்பி சாமானைப் போனோடு இணைக்கும் சின்ன வயர்) எடுத்துப் போய், போர்டைப் போனில் சொருகி, ஒரு துண்டு வயரால் முனைகளைத் தொட்டு எழுத்து விழுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கேபிளில் ஒட்டு இருந்தால் வேண்டாம்.

பிறகு நண்பர் தந்த யூஎஸ்பி கீபோர்டில் வேலை முடிந்தது. அதன் முனைகளில் இருந்த கறுப்புப் பூச்சு கார்பன், அதில் ஈயம் ஒட்டாது, பிளேடால் செம்பு தெரியும்வரை சுரண்ட வேண்டியிருந்தது. பையன் இப்போது அதில்தான் விளையாடுகிறான். பழைய போர்டை நான் எறியவில்லை, அந்தப் பக்கம் வாங்கப் போகிறவர்கள் வந்தால் டேப்பைப் பிரித்துக் காட்டுகிறேன்.